தொப்புள் காயாத சுறா

நாமக்கல் மாவட்டத்துக்காரிக்குச் சுறாவோடு என்ன வேலை என்று என்னிடம் கேட்காதவர் குறைவு. கல்லூரியில் கேட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். டெல்லியிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் வரைபடத்தில் விரலை வைத்து, கடலிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் கோடு இழுத்துக் காட்டிச் சிரித்தார். எனக்கு அப்போதெல்லாம் கோபம்தான் வரும். கடல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் ஐயா. சுறா எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் உங்களுக்குத் தெரியவில்லை. அது எங்கள் ஊர் அடுப்புக்கு வருகிறது, அதிலும் பிள்ளை பெற்ற வீட்டு அடுப்புக்குத் தேடிக்கொண்டு வருகிறது.

எனக்கு வேலை கடற்கரையில், ஓர் ஆராய்ச்சி நிலையத்தில். விசைப்படகுகள் கொண்டு வந்து இறக்கும் சுறாக்களை இனம் பிரித்து, நீளம் அளந்து, ஆணா பெண்ணா, சினையா என்று பார்த்து எழுதுவேன். நாடு முழுவதற்கும் சேர்த்துச் சுறா மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்த ஒரு திட்ட வரைவு தயாராகிக்கொண்டிருந்தது. எந்த இனத்தைப் பிடிக்கலாம், எந்த அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது, குட்டி போடும் காலத்தில் எந்தக் கரையோரத்தில் வலை விரிக்கக் கூடாது என்றெல்லாம் பேசும் திட்டம். அதில் உள்நாட்டுச் சந்தைகளைப் பற்றிய பகுதியை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது. வேறு யாரும் அதைக் கேட்கவில்லை என்பதால் வந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுறாவைத் தின்னாதே என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சுறாப் புட்டு எனக்குப் பிடிக்கும். வெங்காயமும் பச்சை மிளகாயும் நிறையப் போட்டு, மிளகுத்தூள் தூவி, உதிரி உதிரியாக வந்தால் சோறு இல்லாமலேயே தின்பேன். சுறா பிடித்துப் பிழைக்கிறவர்களோடு தினமும் டீ குடிக்கிறவள் நான். அவர்கள் பிழைப்பைக் கெடுக்க எனக்கு ஆசை இல்லை. கடலில் சுறா இருந்தால்தான் அவர்களுக்குப் பிழைப்பு இருக்கும், அவ்வளவுதான் என் கட்சி.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன். பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், காவிரித் தண்ணீர் பாயும் பூமி. எங்களுக்கு வாழையும் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்காலும் உண்டு. நாமக்கல் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. பால் சரியாக வரவில்லை. குழந்தை வாய் வைத்து இழுக்கும், கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டு முகம் சிவக்க அழும். பிறந்தபோது இருந்த எடையிலிருந்து இறங்கியிருந்தது. முதல் நாட்களில் எல்லாக் குழந்தைக்கும் கொஞ்சம் இறங்கும், அடிக்கடி வாய் வைத்தால் பால் ஊறும், எடையும் ஏறும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். புத்திக்கு அது புரிந்தது. அந்த அழுகையைக் கேட்கும்போது புத்தி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. பயந்தேன். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

அம்மாவுக்குப் பயமெல்லாம் இல்லை. அவரிடம் பதில் தயாராக இருந்தது.

"பால் சுறா வாங்கியாந்து புட்டுப் பண்ணித் தாரேன் கண்ணு. ரெண்டு வேளை தின்னீன்னாச் சரியாப் போயிரும்."

எங்கள் பக்கத்தில் இது மாற்றமில்லாத முறை. பிள்ளை பெற்றவளைப் பார்க்க வரும் ஒரம்பரை, உறவுக்காரர்கள், பூண்டும் கருவாடும் கொண்டு வருவார்கள். வசதி இருந்தால் பால் சுறா கொண்டு வருவார்கள். கடலையே பார்த்திராத பெண்கள்கூட இந்த ஒரு கடல் மீனின் பெயரை மட்டும் மந்திரம் மாதிரிச் சொல்வார்கள். மற்றபடி எங்களுக்கு மீன் என்றால் மேட்டூர் டேம் மீன்தான்.

"வேண்டாம்மா" என்றேன்.

"ஏஞ்சாமி, கவிச்சி அடிக்குதுன்னா இஞ்சி நெறையாப் போடறேன்."

"கவிச்சிக்காக இல்லம்மா. இங்க வந்து சேர்ற சுறா பெரும்பாலும் குட்டிங்க. அதை வாங்க வேண்டாம்னுதான் நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். நானே தின்னா எப்படி?"

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்போது அவர் சொன்னது நெஞ்சில் முள் மாதிரி ஏறியது.

"உன்னையப் பெத்தப்ப எனக்கும் பால் இல்ல. உங்கப்பன் சேலத்துக்குப் போயிச் சுறா வாங்கியாந்தாரு. அதைத் தின்னு ஊறின பால்லதான் நீ வளந்த. வளந்து அந்தச் சுறாவைப் பத்தியே படிச்ச. இப்ப உன்ற புள்ளைக்கு மட்டும் வேண்டாமாக்கும்."

தின்றது சுறா என்பதால் பால் ஊறியதா, தின்று தூங்கி நாலு பேர் கவனித்துக்கொண்டதால் ஊறியதா என்று நான் விளக்க ஆரம்பித்தால் அந்த வீட்டில் யாரும் என்னோடு பேச மாட்டார்கள். என் பெரியம்மா, அம்மாவின் அக்கா, பிரசவ வீட்டுக்கு ஒத்தாசையாக வந்து தங்கியிருந்தார். அவர் கதவோரம் நின்றுகொண்டு, "அவொ சுறாவுக்கு வக்கீலு. புள்ளைக்கு வக்கீலு ஆருங்கறேன்" என்றார். கேலிதான். ஆனால் அந்த நேரத்தில் அது கேலியாகப் படவில்லை. அழுதேன், அழுதுகொண்டே முடியாது என்றேன்.

கடைசியில் அம்மாவே ஒரு வழி சொன்னார். எங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் ஒரு பேரத்தில்தான் முடியும்.

"புதங்கெழம நர்சம்மா எடை போட வாராங்க. எடை ஏறியிருந்துச்சுன்னா நான் வாயத் தொறக்கல. ஏறலீன்னா நீ சுறா திங்கோணும். சரீங்களா டாக்டரம்மா?"

நான் டாக்டர் இல்லை. கோபம் வந்தால் அம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். சரி என்றேன். வேறு வழியில்லை என்று மட்டும் அல்ல, என் குழந்தையின் பசிக்கு எதிராக என் கொள்கையை நிறுத்திவிட்டேனோ என்ற உறுத்தலும் இருந்தது. குழந்தை மெலிந்தால் நான் தின்னத்தான் வேண்டும், தின்றுவிட்டு மறுபடி எந்த முகத்தோடு அந்த வரைவைத் திறப்பேன் என்றும் தெரியவில்லை. எல்லாமே அந்தப் புதன்கிழமைத் தராசில் போய் உட்கார்ந்துகொண்டன. அன்றிலிருந்து குழந்தை சிணுங்கினாலே மடியில் போட்டுக்கொண்டேன்.

அம்மா புதன்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடையை எடுத்துக்கொண்டு நாமக்கல் பஸ் ஏறிவிட்டார். "கைல இருந்தா நல்லதுதான, பிரிட்ஜில கெடக்கட்டும்" என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாராம். மத்தியானம் திரும்பி வந்தவர் நேராக நான் படுத்திருந்த அறைக்கே வந்தார். கையில் எவர்சில்வர் போசி. முகத்தில் நல்ல சந்தோஷம்.

"இந்தா பாரு. பெருசு பெருசா வெட்டி வெச்சிருந்தான். நான் அதெல்லாம் தொடல. நல்ல பிஞ்சாப் பாத்து எடுத்தாந்தேன்."

பிஞ்சு என்றார். எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. குட்டிச் சுறாக்கள் ஏன் எங்கள் பக்கமே வருகின்றன என்று எத்தனையோ நாள் அறிக்கைகளில் தேடிய காரணம் என் அம்மாவின் வாயிலிருந்து வந்தது. நாங்கள் தோட்டங்காட்டில் விளைந்ததைத் தின்று வளர்ந்தவர்கள். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குவோம், சுரைக்காயில் நகம் இறங்குகிறதா என்று பார்ப்போம். முற்றினது மாட்டுக்கு, பிஞ்சு மனிதனுக்கு. அதே கையோடுதான் மீன் கடைக்கும் போகிறோம். கடற்கரைக்காரர் யாரும் சுறாவை அப்படிப் பொறுக்க மாட்டார்கள். எங்கள் ஜனங்கள் சின்னதாகக் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் வியாபாரி சின்னதாகத்தானே பெட்டியில் ஐஸ் போட்டு அனுப்புவான்? சேலத்துக்கும் எடப்பாடிக்கும் ஆத்தூருக்கும் குட்டிச் சுறா போவதற்கு இந்தப் பிஞ்சு ஆசை ஒரு காரணம் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

எழுந்து உட்கார்ந்து போசியைக் கிட்டே வாங்கினேன். நாலைந்து குட்டிகள். தலை இல்லை, துடுப்பு இல்லை, வால் இல்லை. மேல்தோலை மட்டும் உரிக்காமல் விட்டிருந்தார்கள். இவ்வளவு படித்தும் அது எந்த இனம் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. அடையாளம் எல்லாம் தலையிலும் துடுப்பிலும்தான் இருக்கும். அதை வெட்டிவிட்டால் சட்டம் காப்பாற்றுகிற சுறாவும் ஒன்றுதான், சாதாரணச் சுறாவும் ஒன்றுதான். ஒன்றைத் திருப்பி வயிற்றுப் பக்கம் பார்த்தேன். பக்கத் துடுப்பு இருந்த இடத்துக்கு நடுவே ஒரு சின்னக் கீறல், இன்னும் மூடாமல் சிவந்து கிடந்தது.

சுறாவில் பல இனங்கள் முட்டை இடுவதில்லை. வயிற்றில் சுமந்து, கொடி வழியாக ஊட்டி, குட்டியாகப் பெறுகின்றன. பிறந்த குட்டிக்குத் தொப்புள் இருக்கும். கொஞ்ச நாளில் அந்த வடு மூடிவிடும். மூடாமல் இருந்தால் அது பிறந்து சில நாளே ஆன குட்டி. பால் சுறா சின்ன இனம், அதன் பச்சைக் குட்டி இந்த நீளம் இருக்காது. இது வேறொரு பெரிய இனத்தின் பிள்ளை. வளர விட்டிருந்தால் என்னைவிட நீளமாக வளர்ந்திருக்கும். ஒரு பெண் குழந்தை பெரிய மனுஷியாக எத்தனை வருஷம் ஆகுமோ, ஏறக்குறைய அத்தனை வருஷம் கழித்துத்தான் குட்டி போட்டிருக்கும்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. குட்டியைத் திருப்பியே பிடித்துக்கொண்டு, "இது என்னன்னு தெரியுதாம்மா?" என்றேன்.

"கத்தி பட்டிருக்கும்."

"எல்லாத்துலயும் அதே எடத்துல எப்படிம்மா கத்தி படும்?"

அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் இருந்தது. ஒன்றில் கொடியின் நுனி நூல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"தொப்புளும்மா. இன்னும் காயல."

பக்கத்தில் தூளியில் குழந்தை முழித்துக்கொண்டு கால் உதைத்தது. அம்மா அதைத்தான் பார்த்தார். என் மகளுக்கும் கொடி இன்னும் விழவில்லை. காய்ந்த மிளகாய்க் காம்பு மாதிரி கருத்து வயிற்றில் நின்றது. அதில் ஈரம் படக் கூடாது, துணி உரசக் கூடாது என்று எங்களை ஆட்டி வைத்ததே அம்மாதான். போசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சமைப்பாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். வெங்காயம் அரியும் சத்தம் வரவில்லை. பெரியம்மாதான் பிறகு வந்து குறைப்பட்டுக்கொண்டார். "உங்கம்மாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. காசு குடுத்து வாங்கியாந்ததைக் கொண்டுபோயி வாழைக்கட்டை அடியில பொதைச்சுட்டு வாரா." மீன் கழிவை மரத்துக்குப் போடுவது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அம்மா கழிவைப் போடவில்லை, குழி வெட்டிப் புதைத்திருக்கிறார். வீட்டிலேயே பிள்ளை பெற்ற காலத்தில் நஞ்சுக்கொடியைத்தான் அப்படிப் புதைப்பார்கள்.

பொழுது சாய என்னிடம் வந்தவர், தோற்றுப்போன மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. "இது குட்டின்னு உட்டுட்டேன். பேச்சு பேச்சுதான். புதங்கெழம எடை ஏறலீன்னா பெரிய சுறாவா வாங்கியாந்து ஆக்கிப் போடுவேன். தின்னுதான் ஆகோணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் என் வரைவிலும் இருந்தது. குட்டியை விடு, வளர்ந்ததைக் கணக்காகப் பிடி. அம்மாவிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார் என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த வரைவு பற்றிய கூட்டம், போனில் வீடியோவில். நான் விடுப்பில் இருப்பதால் வர வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். வேண்டாம் என்றதாலேயே வந்தேன். நான் இல்லாத கூட்டத்தில் என் பகுதியை வெட்டிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நினைத்த மாதிரியே தலைமை தாங்கியவர் இரண்டாவது பேச்சாகவே அந்தப் பகுதிக்கு வந்தார்.

"உள்நாட்டுச் சந்தை பத்தி இவ்வளவு எதுக்கும்மா? துறைமுகத்துல கட்டுப்படுத்தினாப் போதாதா? சேலம், நாமக்கல்ல எல்லாம் யாரு சுறா சாப்பிடறாங்க?"

"எங்க வீட்டுல சார். முந்தாநாள் வந்துச்சு" என்றேன். அன்றைக்கு அம்மா போசியைக் கொண்டுபோவதற்கு முன் போனில் பிடித்து வைத்திருந்த படங்களைப் போட்டுக் காட்டினேன். "இது எந்த இனம்னு இந்தக் கூட்டத்துல யாராவது சொல்லுங்க. இருபது வருஷம் சுறா பார்த்தவங்க இருக்கீங்க."

யாரும் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். நான் எழுதியிருந்தது ஒரே ஒரு விதி: கரையில் இறங்கிய சுறாவைக் கடைசிச் சந்தை வரைக்கும் தலையும் துடுப்பும் ஒட்டியே கொண்டுபோக வேண்டும். கடலில் துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலை எறியக் கூடாது என்பதற்கு விதி ஏற்கெனவே இருக்கிறது. கரை ஏறிய பிறகு வெட்டி அனுப்பினால் எங்கள் ஊர்ச் சந்தையில் எதை எதென்று பார்ப்பது? வண்டியில் இடம் அடைக்கும், ஐஸ் செலவு கூடும், வியாபாரிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார்கள். எல்லாம் உண்மைதான். அதற்கு என்ன செய்யலாம் என்று யோசிப்பதுதானே நம் வேலை என்றேன்.

நடுவில் குழந்தை அழ ஆரம்பித்தது. "மைக்கை அணைச்சுட்டுப் பேசுங்கம்மா" என்றார் ஒருவர். மைக்கை அணைத்துவிட்டு எப்படிப் பேசுவது என்று அவர் யோசிக்கவில்லை. நான் அணைக்கவில்லை. படத்தை மட்டும் மறைத்துவிட்டு, குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டே பேசினேன். கடைசியில், "சரி, இதைப் பின்னிணைப்புல ஒரு பரிந்துரையா வெச்சுக்கலாம்" என்றார் தலைவர். பின்னிணைப்பு எதற்கு என்று எனக்குத் தெரியும். யாரும் படிக்காமல் இருப்பதற்கு. "முடியாது சார். விதிகளோட விதியா இருக்கட்டும், இல்லைன்னா என் மறுப்பையும் சேர்த்து எழுதிக்கங்க" என்றேன். எழுதிக்கொண்டார்கள். அந்த விதி இன்னும் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. நானும் இன்னும் விடவில்லை.

புதன்கிழமை நர்சம்மா வந்தார். தூளி மாதிரி துணி தொங்கும் தராசை விட்டத்தில் மாட்டி, குழந்தையை அதில் போட்டார். அம்மா முள்ளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நர்சம்மா குனிந்து பார்த்து, துணியைச் சரி செய்து, மறுபடி பார்த்தார்.

"ஏறியிருக்குதுங்க. நெறையா இல்ல, ஆனா ஏறியிருக்குது. இப்படியே குடுத்துட்டு வாங்க."

நான் அழுதேன். அம்மா பேச்சுப்படி வாயைத் திறக்கவில்லை, உள்ளே போய்க் காப்பி போட்டார்.

சண்டை அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு பிள்ளை பார்க்க ஒரம்பரை வந்து வீடு நிறைந்தது. குழந்தையும் அதற்குள் கன்னம் வைத்திருந்தது. தூக்கிப் பார்த்தவர்களெல்லாம் புள்ளை நல்லாத் தேறிருச்சு என்றார்கள். பெரியம்மாவுக்கு அந்தக் கணத்தை விட மனசில்லை. "தேறாம என்ன, நாமக்கல்லு போயிச் சுறா வாங்கியாந்தமில்ல" என்றார். வாங்கியது உண்மை. யாரும் தின்னவில்லை என்பதை மட்டும் விட்டுவிட்டார். வந்த பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த ஓர் அக்காவுக்கு மகள் நிறைமாதம். அவர் உடனே அம்மாவிடம் திரும்பினார்.

"எந்தக் கடைங்க? எம்புள்ளைக்கும் சொல்லி வெக்கோணும். நல்ல பிஞ்சாக் கெடைக்குமுங்களா?"

என் மகள் என் பாலில் ஏற்றிய எடை, அந்தச் சுறாவின் பெயருக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. இப்படித்தான் ஒரு பிரசவ வீட்டிலிருந்து அடுத்த பிரசவ வீட்டுக்கு இந்தக் கதை போகிறது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அம்மா காப்பித் தட்டைக் கீழே வைத்தார்.

"எம்பொண்ணு சுறாவைத் தொடவே இல்லீங்க" என்றார்.

பெரியம்மா முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை ஒரம்பரைக்கு நடுவே, தன் வாழ்நாளில் ஒரு சண்டையில்கூடத் தோற்றதாக ஒத்துக்கொள்ளாத அம்மா அதைச் சொன்னார். நிறுத்தவும் இல்லை.

"வாங்கியாந்தது நெசம். நாந்தான் பிஞ்சாப் பாத்துப் பொறுக்கியாந்தேன். அது பிஞ்சில்லீங்க, பச்சக் குட்டி. தொப்புள்கூடக் காயல. நீங்க வாங்கறதுன்னா வாங்குங்க, ஆனா திருப்பிப் போட்டு வவுத்தைப் பாருங்க. தொப்புள் தெரிஞ்சுதுன்னா வெச்சுட்டு வந்துருங்க. புள்ள பெத்த ஊட்டுல ஆக்கறதுக்கு அது ஆகாது."

அந்த அக்கா என் மகளின் சட்டையை மெதுவாகத் தூக்கி, அவள் வயிற்றைப் பார்த்தார். முந்தின நாள்தான் கொடி விழுந்திருந்தது.